ஓட்டிப் பார்க்காமல் அனுப்பவும்

ஜூன் 3

மேனுவல் மகாராணிக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். உன் நலத்தை ஞாயிறுதோறும் உன் அம்மா போனில் விசாரித்து வீடு முழுக்க ஒலிபரப்பிவிடுவதால் நான் தனியாகக் கேட்கவில்லை. எட்டு மாதமாக முகம் கொடுத்துப் பேசாதவள் இப்போது எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ புருவத்தைத் தூக்குவது இங்கிருந்தே தெரிகிறது. சமாதானம் பேச வந்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதே. எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும், அதற்கு உன்னை விட்டால் ஆள் இல்லை. அவ்வளவுதான்.

குழந்தை பிறக்கும் முன் நான் வேலை பார்த்த இடத்தில் என் குழுவுக்குத் தலைவியாக இருந்தவர் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறார். ஆம்புலன்ஸ்களுக்கு மென்பொருள் செய்கிற கம்பெனி. எந்த வண்டி எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்பதை அவர்களுடைய புரோகிராம்தான் சொல்கிறது. இரண்டு வாரம் முன்னால் அவரே கூப்பிட்டார். ஓர் இடம் காலியாம். மூன்று வருடம் வீட்டில் இருந்தவளை எடுக்க மேலே இருப்பவர்கள் தயங்குகிறார்கள், ஆனால் தேர்வில் தேறிவிட்டால் யாரும் வாயைத் திறக்க முடியாது என்றார். ஜூலை 29. எட்டே வாரம். அதுவும் நான் தொட்டே பார்க்காத ஒரு புதிய கம்ப்யூட்டர் மொழியில்.

இனிமேல்தான் வேடிக்கை. தேர்வு அறையில் ஒரு கம்ப்யூட்டர், அந்த மொழியின் மேனுவல் (நீ விழுந்து விழுந்து படிப்பாயே, அந்த மாதிரி விளக்கப் புத்தகம்), வெள்ளைத் தாள், அவ்வளவுதான் இருக்குமாம். இன்டர்நெட் கிடையாது. போன் கிடையாது. எழுதிய புரோகிராமை மொத்தம் மூன்றே முறைதான் ஓட்டிப் பார்க்கலாம். ஏன் இப்படி என்று கேட்டேன். "ஆம்புலன்ஸை அனுப்பிப் பார்த்துட்டு, தப்புன்னா திருப்பிக் கூப்பிட முடியாதும்மா" என்றார்.

நான் என் வழக்கப்படி வீடியோவில் உட்கார்ந்தேன். குழந்தை மதியம் தூங்குகிற ஒன்றரை மணி நேரத்தில், நாள் விடாமல், நாற்பத்தொரு வீடியோ. ஒவ்வொன்றும் தண்ணீர் பட்ட பாடாகப் புரிந்தது. நேற்று எல்லாவற்றையும் மூடிவிட்டு வெறும் திரையில் நானாக ஒரு சின்ன புரோகிராம் எழுதப் போனேன். முதல் வரி வரவில்லை. ஏஐயிடம் கேட்டேன், கண் மூடித் திறப்பதற்குள் மொத்தத்தையும் எழுதிக் கொடுத்தது. நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். அதையும் மூடினேன். மறுபடி முதல் வரி வரவில்லை.

அப்போதுதான் நீ அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில், உன் அண்ணன் முன்னால் சொன்னது காதில் கேட்டது. "வீடியோவை நிறுத்தி நிறுத்தி அவன் அடிக்கிறதைத் திருப்பி அடிக்கிறது படிப்பா அண்ணி? அதுக்குப் பேரு டைப்பிங்." அந்தச் சொல்லை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அது உண்மையோ என்று நேற்று சந்தேகம் வந்ததால் கோபம் இன்னும் கூடியிருக்கிறது.

நீ அந்த மலை உச்சி வானிலை நிலையத்தில், இன்டர்நெட் வாசனையே இல்லாமல், எட்டு மாதமாகப் புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறாய். எப்படி? அதை மட்டும் சொல். போனில் வேண்டாம், அது கூடத்தில் இருக்கிறது. உன் அண்ணனுக்கும் அத்தைக்கும் இந்தத் தேர்வு தெரியாது. தோற்றால் தெரியாமலே போகட்டும். இன்னொரு முறை என்னை யாரும் கூப்பிடப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும்.

அண்ணி


ஜூன் 7

அண்ணிக்கு,

இங்கே தபால் பை வாரத்துக்கு இரண்டு முறை காய்கறி வண்டியோடு வரும். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் முட்டைகோஸ் மூட்டைக்கு நடுவே நின்றபடியே படித்துவிட்டேன். எங்கள் நிலையத்தில் என்னைத் தவிர இருப்பவர் கருவிகளைப் பழுது பார்க்கிறவர் ஒருவர்தான். "வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "இல்ல, அண்ணி எழுதியிருக்காங்க" என்றேன். "அப்போ சண்டையா" என்றார். எல்லா வீட்டிலும் நாத்தனார் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணி, இது கிடைக்க வேண்டும். நீங்கள் அந்த அறைக்குள் போய் வெளியே வரும்போது அவர்கள் ஆடிப்போயிருக்க வேண்டும். நான் ராத்திரி வரைகூடக் காத்திருக்கவில்லை, உடனே உட்கார்ந்து திட்டம் போட்டுவிட்டேன். சொல்கிறபடி செய்யுங்கள்.

மேனுவலை வாங்குங்கள், அச்சடித்த புத்தகமாக. முதல் மூன்று அத்தியாயம் படியுங்கள், அதற்கு மேல் ஒரு பக்கம் கூடத் திருப்பாதீர்கள். பிறகு மூடி வைத்துவிட்டு, பேனாவால், தாளில், பத்து வரிக்கு மிகாமல் ஒரு புரோகிராம் எழுதுங்கள். கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது. ஓட்டினால் என்ன வரும் என்று நீங்களே யோசித்து அதே தாளின் அடியில் எழுதி எனக்கு அனுப்புங்கள். நான் இங்கே ஓட்டிப் பார்த்து என்ன வந்தது என்று எழுதுகிறேன். அது உங்களுக்கு வந்து சேர ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரமும் அந்தப் பத்து வரி உங்கள் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அதுதான் மருந்து.

உங்கள் தேர்வில் மூன்று முறை ஓட்டலாம். என்னிடம் வாரத்துக்கு ஒரு முறை. பழகிவிட்டால் அந்த மூன்றே அதிகமாகத் தெரியும்.

இதற்குக் கீழே ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். கண்டுகொள்ள வேண்டாம்.

நாத்தனார்


ஜூன் 12

மேனுவலுக்கு,

அந்த அடித்த வரியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 'அன்றைக்கு' என்ற ஒரு சொல் மட்டும் தெரிகிறது. நன்றாகத்தான் அடித்திருக்கிறாய்.

புத்தகம் வந்துவிட்டது. அறுநூற்று நாற்பது பக்கம். கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுக்கலாம், அவ்வளவு கனம். முதல் அத்தியாயத்தில் மூன்று முறை கண்ணயர்ந்தேன். இதை நீ எப்படி விரும்பிப் படிக்கிறாய் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. இரண்டாவது அத்தியாயத்தில் எழுந்து நின்று படித்தேன். மூன்றாவதில், அடுப்பில் பால் பொங்கியதைக் கவனிக்கவில்லை. இதை உனக்குச் சொல்லியிருக்கக் கூடாது.

முதல் புரோகிராம் இணைத்திருக்கிறேன். ஐந்து ஆம்புலன்ஸ்கள். ஒவ்வொன்றாக எண் சொல்லி, 'வண்டி 1 தயார்' என்பதிலிருந்து 'வண்டி 5 தயார்' வரை திரையில் வர வேண்டும். எட்டு வரிக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. பேனாவால் எழுதும்போது ஒவ்வொரு சொல்லும் என்னைப் பார்த்து, நான் ஏன் இங்கே இருக்கிறேன் என்று கேட்கிறது. வீடியோவில் எந்தச் சொல்லும் என்னை எதுவும் கேட்டதில்லை.

ஓட்டவில்லை. கை துறுதுறுத்தது. கம்ப்யூட்டர் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டேன்.

அண்ணி


ஜூன் 17

அண்ணிக்கு,

முதல் மூன்று வரி பிரமாதம். நான்காவது வரியில் 'எண் ஐந்தைத் தாண்டும் வரை சொல்லிக்கொண்டே இரு' என்று கட்டளை போட்டீர்கள், சரி. ஆனால் ஒவ்வொரு தடவையும் எண்ணோடு ஒன்றைக் கூட்ட வேண்டுமே, அந்த வரி எங்கே? எண் ஒன்றிலேயே நிற்கிறது. ஐந்தை அது எந்தக் காலத்தில் தாண்டும்? 'வண்டி 1 தயார், வண்டி 1 தயார், வண்டி 1 தயார்' என்று ஊர் அடங்கிய பிறகும் சொல்லிக்கொண்டே இருக்கும். மற்ற நான்கு வண்டியும் ஷெட்டில் தூங்கும். நோயாளி என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

இது எல்லோரும் செய்கிற தப்பு என்று நான் சொல்லப் போவதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்கிற தப்பு.

அடுத்ததை அனுப்புங்கள், சீக்கிரம். தபால் பை வரும் நாளில் கருவிக்காரர் என்னைக் கேலி செய்கிறார், சாலை வளைவு வரைக்கும் போய் நிற்கிறேனாம். இன்னொன்று: எழுதியதை வாய்விட்டு யாருக்காவது விளக்கிச் சொல்லுங்கள். கேட்பவருக்குப் புரிய வேண்டும் என்று அவசியமில்லை. சொல்லும்போது எங்கே நாக்கு தடுமாறுகிறதோ அங்கேதான் ஓட்டை.

நாத்தனார்

பின்குறிப்பு: உங்கள் வீட்டில் பழைய சட்டைப் பொத்தான்கள் இருந்தால் ஒரு கவரில் போட்டு அனுப்புங்கள். எதற்கு என்று கேட்க வேண்டாம்.


ஜூன் 28

அன்புள்ள மேனுவலுக்கு,

இதுவரை நான் அனுப்பிய ஐந்தில் நீ மூன்றைக் கிழித்துத் தோரணம் கட்டினாய், ஒன்றைப் பரவாயில்லை என்றாய். நேற்று வந்த கடிதத்தில் ஐந்தாவதுக்குக் கீழே ஒரே ஒரு சொல்: 'ஓடியது.' நான் சமையலறையில் குதித்த குதியில் பாத்திரம் உருண்டது. அத்தை ஓடி வந்தார்கள். பல்லி என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆனால் அத்தைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நீ சொன்னபடி வாய்விட்டு விளக்க ஆள் தேடினேன். வீட்டில் சும்மா இருப்பவள் உன் அண்ணன் மகள்தான். அவளுக்கு மூன்று வயது, சோறு ஊட்டும்போது எதைச் சொன்னாலும் கேட்பாள். முதல் வாய்க்கு, இந்த வண்டி காலியாக இருக்கிறதா என்று பார், இரண்டாவது வாய்க்கு, காலியாக இல்லையென்றால் அடுத்த வண்டி. அவள் அழகாகத் தலையாட்டினாள். ஆறாவது வாயில், "எல்லா வண்டியும் போயிடுச்சுன்னா?" என்று கேட்டாள். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டேன். அதை நான் யோசிக்கவே இல்லை. உடனே எழுந்து போய்த் தாளில் இரண்டு வரி சேர்த்தேன். திரும்பி வந்து பார்த்தால் வாசலில் அத்தை. "பிள்ளைகிட்ட என்னம்மா பேசிட்டிருக்க?" என்றார்கள். கதை என்றேன். இப்படி ஒரு கதையைக் கேட்டதே இல்லை என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

உன் அண்ணன் கதை வேறு. வாரத்துக்கு இரண்டு கடிதம் வருவதைப் பார்த்து ஆளுக்கு உள்ளூர உதறல். நாம் இரண்டு பேரும் சேர்ந்து அவரைப் பற்றித்தான் எழுதுகிறோம் என்று முடிவே கட்டிவிட்டார். நான்கு நாளாகத் துணியை அவரே மடிக்கிறார். உண்மையைச் சொல்லாமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

ஒன்று மட்டும் குறை. தப்பு வரும்போது கம்ப்யூட்டர் சிவப்பில் ஒரு செய்தி காட்டுமே, அதை அப்படியே எழுதி அனுப்பு என்று இரண்டு முறை கேட்டுவிட்டேன். நீ அதற்கு மட்டும் பதில் சொல்வதே இல்லை. ஏன்?

பொத்தான் இருபத்திரண்டு வைத்திருக்கிறேன்.

அண்ணி


ஜூலை 5

அண்ணிக்கு,

சிவப்புச் செய்தி எல்லாம் எதற்கு, தப்பு எந்த வரியில் என்று நான்தான் சொல்கிறேனே.

இந்த முறை வந்த புரோகிராம் எனக்கு ஏமாற்றம். காலை நேர வண்டிகளுக்கு ஒரு லிஸ்ட், நான்கு வண்டி. 'மாலை என்பது காலை' என்று ஒரு வரியில் அதே லிஸ்டை மாலைக்கும் கொடுத்தீர்கள். பிறகு மாலையில் மட்டும் ஒரு வண்டி சேர்த்தீர்கள். கடைசியில் இரண்டிலும் எத்தனை வண்டி என்று கேட்டீர்கள். அடியில் உங்கள் விடை: காலை 5, மாலை 5.

எப்படி அண்ணி? சேர்த்தது மாலையில் மட்டும்தானே. காலை 4, மாலை 5 என்றுதான் வரும், வந்தது. இது அடிப்படை. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அடிப்படையில் ஆட்டம் கண்டால் எனக்குப் பயமாக இருக்கிறது. மறுபடி முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள்.

நாத்தனார்


ஜூலை 10

மேனுவலுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, நிம்மதியாக, ஒரு வாளி நிறையும் வரைக்கும். முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்கு என்கிறாய். இருக்கிற பத்தொன்பது நாளில் அறுநூற்று நாற்பது பக்கத்தை நான் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது? என்னை வேலைக்குக் கூப்பிட்ட அந்த அம்மாவுக்குப் போன் பண்ணி, எனக்கு வராது என்று சொல்லிவிடலாம் என்று எண்களைக்கூட அழுத்திவிட்டேன்.

ஆனால் ஒன்று உறுத்தியது. அந்த 5, 5 நான் குத்துமதிப்பாக எழுதியது இல்லை. நான் பார்த்த நாற்பத்தொரு வீடியோவில் பதினேழாவதில், பாடம் நடத்தியவன் இதே மாதிரி செய்துவிட்டு, இரண்டிலும் மாறியதைப் பார்த்து மண்டையைச் சொறிந்தான். அவன் சொன்ன பாடம் மறந்துவிட்டது, சொறிந்த முகம் மறக்கவில்லை. அதை நம்பித்தான் எழுதினேன்.

துண்டை எடுத்தேன். உன் சட்டத்தை மீறினேன். ஓட்டினேன்.

5. 5.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓட்டினேன். 5, 5. மாலைக்குப் பதில் காலையில் ஒரு வண்டியை எடுத்துப் பார்த்தேன், மாலையிலும் காணோம். அப்புறம் என்னை யாரும் பிடித்து நிறுத்தவில்லை. பதினொரு விதமாக மாற்றி மாற்றி ஓட்டினேன், ஒவ்வொன்றுக்கும் முன்னால் என்ன வரும் என்று தாளில் எழுதிவிட்டு. பதினொன்றில் ஒன்பது சரி. குழந்தை எழுந்து வந்து என் மடியில் ஏறி உட்கார்ந்தது கூடத் தெரியவில்லை.

அவளைப் பார்த்ததும் விஷயம் பளிச்சென்று புரிந்துவிட்டது. நான் அவளைப் பட்டு என்கிறேன். அத்தை வாலு என்கிறார்கள். வாலுவுக்கு முடி வெட்டினால் பட்டுவுக்கும் முடி போய்விடும், ஏனென்றால் பிள்ளை ஒன்றுதான். இந்த மொழியில் லிஸ்டும் அப்படி. 'மாலை என்பது காலை' என்றால் இன்னொரு லிஸ்ட் பிறப்பதில்லை, இருக்கிற லிஸ்டுக்கு இன்னொரு பெயர் வைக்கிறோம், அவ்வளவுதான். புத்தகத்தைப் புரட்டினேன். பக்கம் 212, அடிக்குறிப்பில், எறும்பு எழுத்தில் இருக்கிறது. மேனுவல் மகாராணி அடிக்குறிப்பைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

எனக்குச் சந்தோஷத்தில் தலை கால் புரியவில்லை. நாற்பத்தொரு வீடியோவும் வீண் இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாக நீ சொன்னது தப்பு, நான் சொன்னது சரி.

இப்போது கேள்விக்கு வருகிறேன். என் மெஷினில் 5, 5 வருகிறது. எல்லா மெஷினிலும் அதுதான் வர முடியும். உன் மெஷினில் மட்டும் 4, 5 எப்படி 'வந்தது'?

அண்ணி


ஜூலை 15

அண்ணிக்கு,

என்னிடம் மெஷின் இல்லை.

இருக்கிறது, ஆனால் அதில் இந்த மொழி இல்லை. இங்கே இருப்பதெல்லாம் இருபது வருடப் பழைய ஏற்பாடு, அதற்கு ஒரு பழைய மொழி, எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதில் லிஸ்டைக் கொடுத்தால் நகல் எடுத்துக்கொள்ளும். காலை 4, மாலை 5 அங்கேதான் வரும்.

உங்கள் புரோகிராம்களை ஓட்டியது நான். கையால். சாப்பாட்டு மேஜையில் தீப்பெட்டிகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றின் மேலும் நீங்கள் வைத்த பெயரை எழுதி ஒட்டுவேன். வண்டி என்றால் ஒரு பொத்தான். ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்து, வரி சொன்னபடி பொத்தானை எடுத்து வைப்பேன். நான் தனியாகத் தாயம் ஆடுகிறேன் என்று கருவிக்காரர் நினைத்துக்கொண்டிருந்தார். அந்த முறை இரண்டு தீப்பெட்டி வைத்தேன், காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று. ஒரே பெட்டியில் இரண்டு சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். அங்கேதான் கவிழ்ந்தேன். சிவப்புச் செய்திக்கு நான் எங்கே போவேன்?

முழுவதையும் சொல்லிவிடுகிறேன். மே மாதம் எங்களுக்கு உத்தரவு வந்தது. ஜனவரியிலிருந்து இந்த நிலையமும் உங்கள் புதிய மொழிக்கு மாறுகிறது. கூடவே மேனுவலை அனுப்பினார்கள். அட்டையிலிருந்து அட்டை வரை இரண்டு முறை படித்தேன், அண்ணி. எப்போதும் போல, அடிக்கோடிட்டு. மூடி வைத்தால் ஒன்றும் நிற்கவில்லை. வெறும் திரை முன்னால் உங்களுக்கு என்ன ஆனதோ அதே எனக்கும் ஆகியிருந்தது. அப்போதுதான் உங்கள் முதல் கடிதம் வந்தது. எனக்குத் தெரியாது என்று எழுத வாய் வரவில்லை. படிப்பைப் பற்றி உங்களுக்கு உபதேசம் செய்தவள் நான் ஆயிற்றே.

உங்கள் தப்பைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற வீம்பில்தான் இந்த மொழி எனக்குள் இறங்கியது. புத்தகம் அறுநூற்று நாற்பது பக்கமும் சரியாக நடக்கிற புரோகிராம்களைக் காட்டுகிறது. நீங்கள் அனுப்பியவை நொண்டின. எந்தக் கால் நொண்டி என்று தேடும்போதுதான் நான் கற்றுக்கொண்டேன்.

ஆனால் நான் படித்ததற்கு நீங்கள் பணயம். தப்பான விடையை, வந்தது என்று பொய் சொல்லி, தேர்வுக்கு மூன்று வாரம் முன்னால் உங்களைப் பயமுறுத்தினேன். நீங்கள் அந்தப் போனில் கடைசி எண்ணையும் அழுத்தியிருந்தால்? அதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. இனி என்னை நம்பாதீர்கள். உங்கள் மெஷினிலேயே ஓட்டிப் பாருங்கள்.

அந்த 'டைப்பிங்' என்ற சொல்லுக்கும் சேர்த்து ஒரு வரி எழுதி மறுபடி அடித்துவிட்டேன். எழுத வரவில்லை.

நாத்தனார்


ஜூலை 20

பொய்க்காரிக்கு,

மூன்று நாள் உனக்குப் பதில் எழுதவில்லை. கொதித்துக்கொண்டிருந்தேன். ஐந்து வாரம் நான் பயந்து நடுங்கிக் காத்திருந்தது ஒரு பொத்தான் டப்பாவின் தீர்ப்புக்கு.

பிறகு நேற்று உன் கடிதங்களை எல்லாம் வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தேன். பதினொரு புரோகிராம். ஒவ்வொரு வரியையும் ஒருத்தி உட்கார்ந்து, வாய்விட்டுப் படித்து, பொத்தானை எடுத்து வைத்து, தாங்கித் தாங்கி நடத்திப் பார்த்திருக்கிறாள். என்னுடைய எந்த மேலதிகாரியும், எந்த மெஷினும் நான் எழுதியதை இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. மெஷின் அரை நொடியில் முடித்துவிடும். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. கொஞ்சம் பாக்கி இருக்கிறது, நேரில் திட்டுவதற்கென்று வைத்திருக்கிறேன்.

மூன்று புரோகிராம் இணைத்திருக்கிறேன். ஓட்டவில்லை. துண்டு கம்ப்யூட்டர் மேலேயேதான் இருக்கிறது. நீ பொத்தானால் ஓட்டு, நான் தாளில் ஓட்டுகிறேன். உன் விடையை உடனே அனுப்பு. இரண்டும் சேர்ந்த பிறகுதான் மெஷினில் போடுவேன். இருவருக்கும் விடை வேறுபட்டால் சிவப்புச் செய்தியை உனக்கு எழுத்து விடாமல் எழுதி அனுப்புகிறேன்.

பழைய சட்டைகளில் மிச்சம் இருந்த பொத்தான்கள் இதோடு. உன் அண்ணனுடைய ஒரு நல்ல சட்டையும் பலியாகிவிட்டது. அவருக்கு இன்னும் தெரியாது.

அண்ணி


ஜூலை 30

என் செல்ல மேனுவலுக்கு,

பொறு, முதலிலிருந்து சொல்கிறேன். கடைசிப் பக்கத்தைப் பார்க்காதே. உன்னை எனக்குத் தெரியும்.

பல் மருத்துவர் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அறையில் ஒன்பது பேர். என்னைத் தவிர எல்லோரும் நேற்றுத்தான் கல்லூரி முடித்த மாதிரி இருந்தார்கள். பக்கத்தில் இருந்த பெண், கேள்வித்தாள் வந்த பத்தாவது நிமிஷம் மூன்று முறையும் ஓட்டி முடித்துவிட்டு நகத்தைக் கடிக்க ஆரம்பித்தாள். நான் பேனாவை எடுத்தேன்.

முதல் இரண்டு கேள்வி நாம் மேஜை மேல் ஆடிய ஆட்டம்தான். எல்லா வண்டியும் வெளியே போயிருந்தால் என்ன செய்வாய் என்று கேட்கவே இல்லை, ஆனால் நான் அதற்கும் எழுதி வைத்தேன். யார் சொல்லிக் கொடுத்தது என்று உனக்குத் தெரியும்.

மூன்றாவது கேள்வியில் வேறு யாரோ எழுதிய புரோகிராம், நாற்பது வரி. பழுது பார்க்கப் போன வண்டியை, பழுது லிஸ்டிலிருந்து வேலை முடிந்ததும் எடுத்தால், சேவையில் இருக்கிற வண்டிகளின் லிஸ்டிலிருந்தும் அது காணாமல் போகிறது. ஏன் என்று கண்டுபிடி. முதல் தடவை படிக்கும்போதே பட்டுவும் வாலுவும் அந்தத் தாளிலிருந்து என்னை எட்டிப் பார்த்தார்கள். இருந்தாலும் அவசரப்படவில்லை. தாளில் ஒரு பெட்டி வரைந்தேன், ஒரே பெட்டி, அதில் இரண்டு சீட்டு. வரி வரியாக நடத்திப் பார்த்தேன். பதிமூன்றாவது வரியில் பிடித்தேன். அடியில் என்ன வரும் என்று எழுதிவிட்டு ஒரே ஒரு முறை ஓட்டினேன்.

நான் எழுதியதுதான் வந்தது. நம்பு, அந்த அறையில் சத்தம் போடாமல் இருந்ததுதான் எனக்கு இருந்த ஒரே கஷ்டமான கேள்வி.

மேற்பார்வைக்கு இருந்தவர் வந்து திரையைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு தடவை பாக்கி இருக்கே, ஏன் ஓட்டவே இல்ல?" என்று கேட்டார்.

"எனக்கு வாரத்துக்கு ஒரு தடவைதான் சார் ஓடும். பழகிடுச்சு" என்றேன்.

மாலை ஐந்தரைக்குப் போன் வந்தது. கூடத்தில், அத்தை எடுத்தார்கள். ஆம்புலன்ஸ் கம்பெனியிலிருந்து பேசுகிறோம் என்றதும் அத்தைக்கு வியர்த்துக் கொட்டி, யாருக்கு என்ன ஆச்சு என்று அலறி, உன் அண்ணன் ஓடி வந்து, குழந்தை பயந்து அழுது, அந்தக் கலவரத்தின் நடுவே ரிசீவரை வாங்கிக் கேட்டேன்.

கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை சேர வேண்டும்.

எல்லாவற்றையும் சொன்னேன். உன் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ ரெண்டு மாசமா நீங்க என்னைப் பத்தி எழுதலையா?" என்றார். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது அவர் முகம். பிறகு எழுந்து வந்து என் தலையில் கையை வைத்தார். அத்தைதான் அழுதார்கள். எனக்குத் தெரியாமல் எதற்குப் படித்தாய், நான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேனா என்று. அதை நான் யோசிக்கவே இல்லை என்பது எனக்கு வெட்கமாக இருந்தது.

ஜனவரி உனக்கு. நான் இருக்கிறேன். நீ எழுது, ஓட்டாமல் அனுப்பு.

அண்ணி


ஆகஸ்ட் 8

அண்ணி,

உங்கள் கடிதத்தைச் சாலை வளைவிலேயே படித்துவிட்டு ஓடி வந்தேன். கருவிக்காரர் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். அவருக்கும் சேர்த்து இனிப்பு கிண்டினேன், அடி பிடித்துவிட்டது, அப்படியே சாப்பிட்டோம். கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்தேன். மன்னிக்கவும்.

பார்த்தீர்களா, அந்தச் சொல்லை அடிக்காமல் எழுத வருகிறது. ஆனால் சில்லறை விஷயத்துக்குத்தான் வருகிறது. எட்டு மாதத்துக்கும் மேலாகத் தொண்டையில் நிற்கிற பெரிய விஷயத்துக்கு வரமாட்டேன் என்கிறது. அதனால் இந்தப் புதிய மொழியில் எழுதினேன். நானாக எழுதிய முதல் புரோகிராம். புத்தகத்தைப் பார்க்கவில்லை. பொத்தான் வைத்தும் நடத்தவில்லை, அவ்வளவு அவசரம்.

தாளில் இருக்கிறது. ஒன்பது வரி. அடியில் என் விடை: 'அன்றைக்கு நான் சொன்னது தப்பு, மன்னித்துவிடுங்கள் அண்ணி' என்று மூன்று முறை வந்து நிற்கும்.

சரியா என்று பாருங்கள்.

நாத்தனார்


ஆகஸ்ட் 14

கண்ணுக்கு,

வேலைக்குப் போய்விட்டு வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் உன் தாளைப் பிரித்தேன். முதலில் ஓட்டவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு வரி வரியாக நடத்திப் பார்த்தேன். ஆறாவது வரியில், மூன்றைத் தாண்டும் வரை சொல்லிக்கொண்டே இரு என்று கட்டளை போட்டிருக்கிறாய். நல்லது. எண்ணோடு ஒன்றைக் கூட்டுகிற வரி எங்கேயடி? பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்கிற தப்பு என்று எனக்கு யாரோ எழுதியதாக ஞாபகம்.

என் விடையை அடியில் எழுதிவிட்டுத் துண்டை எடுத்தேன். ஓட்டினேன்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன், மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாய். குழந்தைக்குத் தலை வாரிவிட்டு வந்து பார்த்தேன், கேட்டுக்கொண்டிருந்தாய். உன் அண்ணன் திரையைப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டார். இல்லை, உங்கள் தங்கை பேசிக்கொண்டிருக்கிறாள் என்றேன். அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பத்து வரி படித்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

நிறுத்த ஒரு பட்டன் போதும். எனக்கு மனசு வரவில்லை. அது ஓடட்டும். திருத்திய தாளைத் தபாலில் அனுப்பாதே, டிசம்பர் விடுமுறைக்கு நீயே வந்து நிறுத்து.

அண்ணி